'லிமிட்டெட்' என்ற ஒரு சொல்: ஆங்கிலக் கம்பனிச் சட்டம் கடந்து வந்த பாதை

கொழும்பு கோட்டையிலும் சென்னை பாரிமுனையிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் உள்ள வர்த்தக நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சொல் தென்படும். அது 'லிமிட்டெட்' என்பதாகும். அந்தச் சொல் பெயருக்கு அழகு சேர்க்க வைக்கப்பட்டதென்றோ, நிறுவனம் பெரியது என்பதைக் காட்ட வைக்கப்பட்டதென்றோ எண்ணுவோர் பலர். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. 'எம்முடன் கொடுக்கல் வாங்கல் செய்பவரே, இந்த நிறுவனம் நொடித்துப்போனால் இதன் சொந்தக்காரரின் வீடு வாசலை நீர் தொட முடியாது' என்பதே அதன் பொருள். 1855ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கியதும் இந்த எச்சரிக்கைக்காகத்தான்.

தமிழருக்குக் கம்பனி என்பது முதலில் வணிகமாக அல்ல, அரசாங்கமாகவே அறிமுகமானது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. எமது மக்களின் வழக்காறுகளைத் தொகுத்துத் தேசவழமை என 1707இல் எழுத்தில் இட்டதும் அந்தக் கம்பனியின் ஆட்சியே. தமிழகத்தில் ஆங்கிலக் கம்பனி கோட்டை கட்டி, படை திரட்டி, வரி அறவிட்டது. நாட்டுப்புற மக்கள் அதனைக் 'கும்பினி' என்றனர். அந்தச் சொல்லில் மரியாதையும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. இலாபத்துக்காகக் கூடிய ஒரு வணிகர் குழு எவ்வாறு ஒரு நாட்டை ஆளும் தகுதியைப் பெற்றது என்ற கேள்விக்கு விடை தேடினால், நாம் ஆங்கிலக் கம்பனிச் சட்டத்தின் வேருக்கே போக வேண்டியிருக்கும்.

பட்டயங்களின் காலம்

1600ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி முதலாம் எலிசபெத் மகாராணி இலண்டன் வணிகர் சிலருக்கு ஒரு பட்டயம் வழங்கினார். கீழைத்தேய வாணிபத்தின் ஏகபோக உரிமையை அது அவர்களுக்குக் கொடுத்தது. அதனிலும் முக்கியமான மற்றொன்றையும் கொடுத்தது. அந்தக் குழு இனித் தனியொரு ஆளாகக் கருதப்படும், தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடரலாம், உறுப்பினர் இறந்தாலும் அது இறவாது. இதுவே கூட்டிணைப்பு எனப்படும் தத்துவம். நகரசபைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மதபீடங்களுக்கும் முன்பே இருந்த இந்தத் தகுதி இப்போது இலாபம் தேடும் வணிகருக்கும் வாய்த்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டி, கப்பல் திரும்பியதும் இலாபத்தைப் பங்கிட்டுக் கணக்கை முடித்துவிடுவர். 1657இல்தான் நிரந்தர மூலதனம் என்ற ஏற்பாடு உறுதியாயிற்று. அதன் பின்னர் பணம் கம்பனியிலேயே தங்கிவிடும். வெளியேற விரும்புபவர் தமது பங்கை வேறொருவருக்கு விற்க வேண்டும். பங்குச் சந்தை என்பதன் கரு இங்கேதான் உண்டு.

ஆனால் பட்டயம் என்பது அரசின் கொடை. மன்னரோ பாராளுமன்றமோ மனம் வைத்தால் மட்டுமே கிடைக்கும். செல்வாக்கும் பணமும் உள்ளவர்களுக்கே அது எட்டியது.

1720இன் நீர்க்குமிழி

1711இல் தென்கடல் கம்பனி என்ற ஒன்று இலண்டனில் தோற்றுவிக்கப்பட்டது. தென் அமெரிக்க வாணிபம் அதன் பெயரளவிலான நோக்கம். அரசாங்கத்தின் கடனைத் தன் பங்குகளாக மாற்றுவதே அதன் உண்மையான தொழில். 1720ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 130 பவுணுக்கும் குறைவாக இருந்த அதன் பங்கு விலை கோடை காலத்தில் ஆயிரம் பவுணை எட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து விழுந்தது. அமைச்சர்களும் பிரபுக்களும் விதவைகளும் அதில் அகப்பட்டனர். விஞ்ஞானி ஐசாக் நியூற்றனும் பெருந்தொகையை இழந்தார்.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றைக் 'குமிழிச் சட்டம்' என்பர். பட்டயமோ பாராளுமன்றச் சட்டமோ இல்லாமல் எவரும் கம்பனி போல நடந்து கொள்வதும் பங்குகளை விற்பதும் அதன்படி குற்றமாயிற்று. வீழ்ச்சிக்குப் பின்னர் பொதுமக்களைக் காப்பாற்ற வந்த சட்டம் இது என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியன்று. வீழ்ச்சிக்குச் சில மாதங்களுக்கு முன்னரே, ஜூன் மாதத்தில் அது நிறைவேறிவிட்டது. சந்தையில் பணத்துக்குப் போட்டியாக முளைத்த சிறு கம்பனிகளை ஒழிப்பதற்காகத் தென்கடல் கம்பனியினரே அதன் பின்னால் நின்றனர். பொதுநலத்தின் பெயரால் வரும் சட்டத்தின் பின்னால் யாருடைய நலன் நிற்கிறது என்று கேட்பது பத்திரிகையாளரின் பழக்கம். 1720ஆம் ஆண்டிலும் அந்தக் கேள்வி பொருத்தமானதாகவே இருந்தது.

அந்தச் சட்டம் 1825 வரை நீடித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆங்கிலேயக் கைத்தொழிற் புரட்சியின் பெரும்பகுதி சட்டபூர்வமான கம்பனி வடிவம் இன்றியே நடைபெற்றது என்பது வியப்புக்குரிய செய்தி. ஆலைகள் குடும்பங்களின் உடைமையாகவும் பங்காண்மைகளாகவும் இயங்கின. கால்வாய்களும் பின்னர் புகையிரதப் பாதைகளும் பாராளுமன்றத்தில் தனித்தனிச் சட்டம் பெற்றன. வழக்கறிஞர்களோ நம்பிக்கைப் பொறுப்புப் பத்திரங்களை எழுதி, கம்பனி அல்லாத கம்பனிகளை உருவாக்கி, சட்டத்தைச் சுற்றிச் செல்ல வழி கண்டனர்.

பொருளியல் அறிஞர் அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலில் கூட்டுப்பங்குக் கம்பனிகளை ஐயத்துடனேயே நோக்கினார். பிறர் பணத்தை நிர்வகிப்பவர் தம் பணத்தைப் போல் அதனைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதில்லை என்பது அவரது வாதம். வங்கி, காப்புறுதி, கால்வாய், நகர நீர்விநியோகம் போன்ற வழமையான நடைமுறைக்குள் அடங்கும் தொழில்களுக்கு மட்டுமே அவ்வடிவம் பொருந்தும் என அவர் கருதினார். இரண்டரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஐயம் தீர்ந்தபாடில்லை.

கிளாட்ஸ்ரனும் றொபேட் லோவும்

1830களில் இலண்டனில் போலிக் காப்புறுதிக் கம்பனிகள் பெருகின. பளிங்குப் படிக்கட்டு, சீருடை அணிந்த வாயிற்காவலர், பெரிய பெயர்ப்பலகை, உள்ளே வெறும் பெட்டகம்! சாள்ஸ் டிக்கின்ஸ் தமது 'மாட்டின் சஸில்விற்' நாவலில் அத்தகைய கம்பனி ஒன்றைப் படைத்துக் கேலி செய்தார். அந்த நாவல் தொடராக வெளிவந்த நாட்களில்தான் வர்த்தகச் சபையின் தலைவராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்ரன், இதே மோசடிகளை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

அதன் விளைவே 1844ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பனிகள் சட்டம். கம்பனி அமைக்க இனி மன்னரின் கருணையோ பாராளுமன்றத்தின் தனிச்சட்டமோ தேவையில்லை. பதிவாளர் ஒருவரிடம் பத்திரங்களைச் சமர்ப்பித்துப் பதிவு செய்தால் போதும். அதற்கு ஈடாகக் கம்பனி தன் விபரங்களை உலகறிய வெளியிட வேண்டும். கொடையாக இருந்தது உரிமையாக மாறிய தருணம் இது. ஒளிவு மறைவின்மையே மோசடிக்கு மருந்து என்ற கிளாட்ஸ்ரனின் கொள்கை இன்றும் உலகெங்கும் கம்பனிப் பதிவகங்களின் அடிப்படையாக உள்ளது.

எனினும் 1844இன் சட்டம் பங்குதாரரின் பொறுப்பை வரையறுக்கவில்லை. கம்பனி கடனில் மூழ்கினால் பங்குதாரரும் தம் கடைசிச் சதம் வரை கொடுக்க வேண்டும். இதனை மாற்றுவதா இல்லையா என்ற விவாதம் பத்தாண்டுகள் நடந்தது. கடன்பட்டவன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அறநெறி. அதற்குச் சட்டம் விலக்கு அளிக்கலாமா எனப் பழைய வணிகர் பலர் கேட்டனர். ஜோன் ஸ்ருவாட் மில் போன்றோர் மாறாக வாதிட்டனர். முழுப் பொறுப்பு நிலவினால் பணக்காரர் மட்டுமே தொழிலில் இறங்குவர். சிறு சேமிப்பாளரும் தொழிலாளரும் கூடித் தொழில் நடத்த வேண்டுமாயின் பொறுப்புக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. வரையறுத்த பொறுப்பு ஏழைகளின் பெயராலும் கேட்கப்பட்டது என்பதைப் பலர் இன்று மறந்துவிட்டனர்.

1855இல் வரையறுத்த பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டில் வர்த்தகச் சபையின் துணைத் தலைவர் றொபேட் லோ அதனை மேலும் தாராளமாக்கினார். ஏழு பேர் ஓர் அமைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் வரையறுத்த கம்பனி பிறந்துவிடும். 1862இல் இவை யாவும் ஒரே சட்டத்தில் தொகுக்கப்பட்டன. இந்த 1862ஆம் ஆண்டுச் சட்டமே பின்னர் பேரரசு முழுவதும் பயணம் செய்தது.

வரையறுத்த பொறுப்பை ஆங்கிலேயர்தாம் கண்டுபிடித்தனர் என்று சொல்வதற்கில்லை. நியூயோர்க் மாநிலம் 1811இலேயே உற்பத்தித் தொழில்களுக்கு அதனை வழங்கியிருந்தது. பிரான்சிலும் பணம் போட்டவர் மட்டும் பொறுப்பு வரையறை பெறும் பங்காண்மை வடிவம் நெடுங்காலமாக இருந்தது. ஆங்கிலேயரின் பங்களிப்பு அதனை எவரும் இலகுவாகப் பெறக்கூடியதாக்கியமையே. அதன் தாக்கம் அயல் நாடுகளையும் அசைத்தது. ஆங்கிலக் கம்பனிகளின் போட்டிக்கு அஞ்சிய பிரான்ஸ் 1867இல் அரச அனுமதி என்ற தடையை நீக்கியது. ஜேர்மன் அரசுகளும் 1870இல் அவ்வழியே சென்றன.

கிளாஸ்கோ தந்த பாடம்

புதிய ஏற்பாடு உடனடியாக நற்பெயர் பெற்றுவிடவில்லை. 1865இல் வரையறுத்த கம்பனியாக மாறிய ஓவரெண்ட் கேர்ணி என்ற இலண்டன் நிதி நிறுவனம் 1866 மே 10ஆம் திகதி கதவைச் சாத்தியது. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பவுண் கடன். மறுநாளை 'கறுப்பு வெள்ளி' என இலண்டன் நினைவு கொண்டது. பங்கின் முழுப் பெறுமதியும் செலுத்தப்படாதிருந்தமையால் மீதியைக் கட்டுமாறு பங்குதாரருக்கு அழைப்பு வந்தது. மோசடிக் குற்றம் சாட்டப்பட்ட பணிப்பாளர்கள் 1869இல் விடுதலையாயினர்.

ஆனால் வரையறை இல்லாத பொறுப்பு எத்தகைய கொடுமையைச் செய்யும் என்பதை 1878 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கி காட்டியது. பணிப்பாளர்கள் பொய்க் கணக்குக் காட்டி, நெருங்கியவர்களுக்குக் கடனை வாரி வழங்கியிருந்தனர். அது வரையறையற்ற வங்கி. 100 பவுண் பங்கு வைத்திருந்த ஒருவரிடம் மொத்தம் 2,750 பவுண் அறவிடப்பட்டது. 1,819 பங்குதாரருள் முறிவடையாமல் தப்பியோர் 254 பேர் மட்டுமே. பிறருக்காகப் பங்கைப் பாதுகாப்பில் வைத்திருந்த நம்பிக்கைப் பொறுப்பாளர்களும் தம் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. பணிப்பாளர்கள் சிறை சென்றனர். ஆயினும் அவர்களின் பெயரைக்கூடச் சரியாக அறியாத ஆசிரியர்களும் விதவைகளும் தெருவுக்கு வந்தனர்.

வரையறுத்த பொறுப்பைப் பணக்காரரின் தந்திரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முனைவோர் கிளாஸ்கோவின் கதையைப் படிக்க வேண்டும்.

சப்பாத்து வியாபாரி சலமன்

கம்பனிச் சட்டம் படிக்கும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் சந்திக்கும் மனிதர் ஆரன் சலமன். இலண்டன் வைட்சப்பலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோற் சப்பாத்து உற்பத்தி செய்தவர். 1892இல் தமது வியாபாரத்தை ஒரு வரையறுத்த கம்பனியாக்கினார். சட்டம் கேட்ட எழுவர் யார் தெரியுமா? அவர், அவரின் மனைவி, ஒரு மகள், நான்கு புதல்வர்கள். குடும்பத்தவருக்குத் தலைக்கு ஒரு பங்கு. அவருக்கு 20,001 பங்கு. வியாபாரத்தைக் கம்பனிக்கு 39,000 பவுண் அளவில் விற்றதாகக் கணக்கிட்டு, அதில் 10,000 பவுணுக்குக் கம்பனியின் சொத்தை ஈடாகக் கொண்ட தொகுதிக்கடன் பத்திரங்களையும் பெற்றுக்கொண்டார். அதாவது தம் கம்பனிக்குத் தாமே முதற் கடன்காரர்!

சப்பாத்துத் தொழிலில் வேலைநிறுத்தங்களும் மந்தமும் வந்தன. சலமன் தம் பத்திரங்களை ஈடு வைத்து 5,000 பவுண் கடன் வாங்கிக் கம்பனியில் போட்டும் பயனில்லை. 1893இல் கம்பனி வீழ்ந்தது. ஈட்டுக் கடனைத் தீர்த்த பின் எஞ்சியது ஏறத்தாழ ஆயிரம் பவுண். அதுவும் பத்திரதாரரான சலமனுக்கா, 7,700 பவுணுக்கு மேல் நிலுவை கொண்டிருந்த சாதாரண கடன்கொடுத்தோருக்கா என்பதே வழக்கு.

கீழ் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சலமனுக்கு எதிராகவே தீர்த்தன. கம்பனி அவரின் வெறும் முகவர் என்றார் ஒரு நீதிபதி. ஆறு பேரும் பொம்மைகள், பாராளுமன்றம் நினைத்த எழுவர் இவர்களல்லர் என்றது மேல் நீதிமன்றம். பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் அவற்றைத் தலைகீழாக மாற்றியது. சட்டம் எழுவர் என்று கேட்டது, எழுவர் இருந்தனர். அவர்கள் உறவினரா, சுதந்திரமான மனம் கொண்டவரா என்று சட்டம் கேட்கவில்லை. சட்டப்படி பதிவான கம்பனி அதன் உறுப்பினரிலிருந்து வேறான ஓர் ஆள். அதன் கடன் அதன் கடனே என்பது தீர்ப்பு. பிரபுக்கள் ஒருமனதாகத் தீர்த்தனர்.

இதிலுள்ள துயரமும் குறிப்பிடத்தக்கது. வென்ற சலமன் அந்த மேன்முறையீட்டை வறியவர் என்ற சலுகையின் கீழேயே நடத்தினார். அவர் மோசடிக்காரர் அல்லர். கடனும் வாங்கித் தம் கம்பனியைக் காப்பாற்ற முயன்றவர். ஆனால் அவர் பெயரால் நிலைபெற்ற தத்துவம், அவரைப் போல நேர்மையானவர்களுக்கு மட்டும் பயன்படவில்லை. தோல் விற்றவருக்கும் கூலிக்காரருக்கும் கம்பனியின் பத்திரங்களைப் பார்த்துப் பேரம் பேசும் வசதி எங்கே இருந்தது? வங்கி ஈடு கேட்கும். சட்டத்தரணியை வைத்து ஒப்பந்தம் எழுதும். சிறு கடன்கொடுத்தோர் நம்பிக்கையை மட்டுமே ஈடாகக் கொண்டிருந்தனர். இதனைப் பாராளுமன்றமும் உணர்ந்தது போலும். 1897இல், கம்பனி வீழும்போது ஊழியரின் சம்பள நிலுவைக்கு இவ்வகைப் பத்திரதாரரை முந்திய உரிமை வழங்கும் சட்டம் வந்தது.

கடல் கடந்த சட்டம்

இந்தியாவில் 1850இல் கம்பனிப் பதிவுச் சட்டமும், 1857இல் வரையறுத்த பொறுப்பும் வந்தன. இங்கிலாந்தின் சட்டம் மாறும்போதெல்லாம் 1866, 1882, 1913 என இந்தியச் சட்டமும் அடியொற்றி மாறியது. சுதந்திரத்தின் பின்னர் வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கிலாந்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் தழுவியது.

இலங்கையின் நிலை சற்று வேறானது. எமது நாட்டின் பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோம-டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கும் கண்டியருக்கும் தத்தம் சட்டங்கள். காணியையும் சீதனத்தையும் முதுசொத்தையும் பழைய சட்டங்களுக்கு விட்டுவைத்த ஆங்கிலேயர், வர்த்தகத்தை மட்டும் அவ்வாறு விடவில்லை. 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் கப்பல், காப்புறுதி, வங்கி, பங்காண்மை, கூட்டுப்பங்குக் கம்பனி ஆகியவற்றில் ஆங்கிலச் சட்டத்தையே நடைமுறையாக்கின. 1861இல் கூட்டுப்பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பின் 1938இல் வந்தது இங்கிலாந்தின் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல்; 1982இல் வந்தது அவர்களின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துடன்தான் இலங்கை இலண்டனை விட்டு நியூசிலாந்தின் மாதிரிக்குத் திரும்பியது. நியூசிலாந்தும் ஆங்கில மரபில் வளர்ந்த நாடே என்பதால் வேர் முற்றாக அறுந்ததெனக் கூற முடியாது. இந்தச் சட்டத்தின்படி ஒருவரே கம்பனி அமைக்கலாம். சலமன் குடும்பத்தின் ஆறு பங்குகளுக்கு இனித் தேவையில்லை.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு

ஆட்சியாளர் கொண்டுவந்த சட்டம் ஆளப்பட்டோரின் கையில் ஆயுதமாக மாறியதற்குச் சிறந்த உதாரணம் எம்மவரிடமே உண்டு. வ.உ. சிதம்பரம்பிள்ளை 1906 ஒக்டோபரில் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கம், ஆங்கில மாதிரியில் அமைந்த 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பிறந்தது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆதிக்கம் செலுத்திய பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனிக்கு எதிராக 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் ஓடின.

இருபத்தைந்து ரூபாய் என்ற தொகையைக் கவனிக்க வேண்டும். ஒரு வணிகர் தனித்து நின்று கப்பல் வாங்கியிருந்தால் எதிராளி அவரை ஒரே பருவத்தில் முறித்திருப்பார். ஆயிரக்கணக்கானோர் தாம் இழக்கத் துணிந்த தொகையை மட்டும் போட்டு ஒரு பேரரசின் கப்பற் கம்பனியை எதிர்கொள்ள முடிந்தது. மில் முன்னர் வாதிட்ட அதே தத்துவம் இங்கே ஓர் அடிமை நாட்டில் பலித்தது.

ஆனால் சட்டம் கொடுத்ததை அரசு பறித்தது. எதிராளி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தார். 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை கைதானார். இராஜத்துரோகக் குற்றத்துக்கு ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. கம்பனி என்ற சட்ட நபருக்கு மரணமில்லை என்பர். அதனை நடத்திய மனிதரைச் சிறையில் இட்டால் அதுவும் இறந்துவிடும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

தோட்டங்களும் சட்ட நபர்களும்

இலங்கையின் மலையகத்தில் இதே சட்டம் வேறு முகத்தைக் காட்டியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது தனித் துரைமாரின் தோட்டங்கள் படிப்படியாகக் கம்பனிகளின் கைக்குப் போயின. இலண்டனில் பதிவானவை ஸ்ரேர்லிங் கம்பனிகள். கொழும்பில் பதிவானவை ரூபாய்க் கம்பனிகள். தோட்டத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராத பங்குதாரர் இலண்டனில் இலாபம் பெற்றனர்; கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்கள் நிர்வகித்தன; கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த எமது உறவுகள். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கோபமாகவேனும் ஒரு முகம் இருந்தது. கம்பனிக்கு முகமில்லை.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. ஆனால் பொதுக் கம்பனிகளின் தோட்டங்களை அது தொடவில்லை. இரத்தமும் சதையுமான மனிதர் காணியை இழக்க, காகிதத்தில் பிறந்த நபர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வைத்திருந்தனர். 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அவையும் அரசுடைமையாயின. இருபது ஆண்டு கழியுமுன், 1992இல், தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் என்ற பெயரில் மீண்டும் கம்பனி வடிவத்துக்கே திரும்பின. நிர்வாகம் மாறி மாறிக் கைமாறியபோதெல்லாம் இலயன் அறைகளில் இருந்தோரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

தாய்க் கம்பனியும் சேய்க் கம்பனியும்

சலமன் தீர்ப்பின் மிகப் பெரிய விளைவு அதனை எழுதிய பிரபுக்களே எதிர்பாராதது. மனிதர் மட்டுமன்றி ஒரு கம்பனியும் இன்னொரு கம்பனியின் பங்குதாரராகலாம் என்றானபின், தாய்க் கம்பனி இலண்டனிலும் சேய்க் கம்பனி உலகின் மறுமுனையிலும் இருக்கலாயின. ஆபத்தான தொழில் சேய்க்கு, இலாபம் தாய்க்கு. வரையறுத்த பொறுப்பு பணம் போட்ட சிறு மனிதருக்காகக் கேட்கப்பட்டது. இப்போது அது பெருங் கம்பனிகளையே காக்கத் தொடங்கியது.

கேப் இன்டஸ்ரீஸ் என்ற ஆங்கிலக் கம்பனிக் குழுவின் அஸ்பெஸ்ரோஸ் தூசினால் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத் தொழிலாளர் நோயுற்றனர். அவர்கள் தம் நாட்டில் பெற்ற தீர்ப்பைத் தாய்க் கம்பனிக்கு எதிராக நிறைவேற்ற முடியாது என இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1990இல் தீர்த்தது. கம்பனிக் குழுவை இவ்வாறு ஒழுங்குபடுத்திப் பொறுப்பைத் தவிர்ப்பது சட்டம் அனுமதித்த உரிமையே என்பது நீதிபதிகளின் கருத்து.

பின்னர் காற்றுத் திசை மாறியது. தென்னாபிரிக்க அஸ்பெஸ்ரோஸ் நோயாளிகள் அதே கேப் நிறுவனத்தை இலண்டனில் வழக்கிடலாம் என 2000இல் பிரபுக்கள் சபை அனுமதித்தது. சேயின் ஊழியரின் பாதுகாப்பில் தாய் தலையிட்டு முடிவெடுத்திருந்தால் தாய்க்கும் நேரடிக் கடமை உண்டு என 2012இல் தீர்ப்பாயிற்று. 2019 ஏப்ரலில் ஸாம்பியாவின் சிங்கோலாப் பகுதிக் கிராமத்தவர் 1,826 பேர், தம் நீர்நிலைகளைச் செப்புச் சுரங்கம் மாசுபடுத்தியதாகக் கூறி வேதாந்தா றிசோர்ஸஸ் என்னும் தாய்க் கம்பனியை இலண்டனில் வழக்கிட ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் இடமளித்தது. சலமன் தத்துவத்தை நீதிமன்றம் கைவிடவில்லை. திரையைக் கிழிக்காமல், திரைக்குப் பின்னால் நின்றவரின் சொந்தச் செயலை மட்டும் பார்த்தது.

இதே வேதாந்தா குழுவுக்குச் சொந்தமானதே தூத்துக்குடி ஸ்ரெர்லைட் செப்பு ஆலை. சூழல் மாசு பற்றிய குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்து வந்தது. 2018 மே 22ஆம் திகதி ஆலைக்கு எதிரான ஊர்வலத்தின்போது பொலிஸார் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். அந்நாளில் தாய்க் கம்பனியின் பங்குகள் இலண்டன் சந்தையில் விலைப்பட்டுக் கொண்டிருந்தன. மூடப்பட்ட ஆலையைத் திறக்கும் முயற்சியை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் நிராகரித்தது. சுதேசிக் கப்பல் புறப்பட்ட அதே துறைமுக நகரம், ஒரே சட்டத்தின் இரு பக்கங்களையும் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் கண்டுவிட்டது.

எஞ்சும் கேள்வி

ஆங்கிலக் கம்பனிச் சட்டத்தை ஏகாதிபத்தியத்தின் கருவி என்று தள்ளிவிடுவதும், முன்னேற்றத்தின் திறவுகோல் என்று போற்றுவதும் எளிது. வரலாறு இரண்டையுமே முழுமையாக ஏற்பதாயில்லை. கிளாஸ்கோவில் அந்தப் பாதுகாப்பு இல்லாமையால் ஏழைப் பங்குதாரர் அழிந்தனர். வைட்சப்பலில் அது இருந்தமையால் சிறு கடன்கொடுத்தோர் இழந்தனர். தூத்துக்குடியில் அது ஒருமுறை மக்களின் கப்பலுக்கு மூலதனம் தந்தது.

வேறுபாடு எங்குள்ளது? றொபேட் லோவின் வாதம், வரையறுத்த கம்பனியுடன் கொடுக்கல் வாங்கல் செய்பவர் அறிந்தே செய்கிறார் என்பது. பெயர்ப்பலகையில் எச்சரிக்கை இருக்கிறது. விரும்பாதவர் விலகிப் போகலாம். கடன் கொடுக்கும் வங்கிக்கு அது பொருந்தும். ஆனால் ஆலையின் அருகே பிறந்த குழந்தையும், சுரங்கத்தின் கீழ்ப்புறத்தில் ஆற்றுநீர் அருந்தும் விவசாயியும், தூசியைச் சுவாசித்த தொழிலாளியும் எந்தப் பெயர்ப்பலகையைப் படித்துச் சம்மதித்தனர்? தாமாக ஏற்ற ஆபத்துக்கு எல்லை விதிப்பது வேறு. பிறர் தலையில் ஏற்றிய ஆபத்துக்கு எல்லை விதிப்பது வேறு. 1855இல் பாராளுமன்றம் முதலாவதைப் பற்றியே பேசியது. இரண்டாவதைப் பற்றி இப்போதுதான் நீதிமன்றங்கள், வழக்கு வழக்காக, பேசத் தொடங்கியுள்ளன.

உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்களில் இன்று கம்பனி நடத்துவோரும் உளர், கம்பனியில் உழைப்போரும் உளர், கம்பனியால் பாதிக்கப்பட்டோரும் உளர். 'லிமிட்டெட்' என்ற சொல்லின் பொருளை மூவரும் அறிந்திருப்பது நல்லது. வரையறை இருப்பது கடனுக்குத்தான். மனித உயிருக்குச் செய்த தீங்குக்கும் அது பொருந்துமா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு.